நாற்காலி யூலாலியின் பாட்டு

கவிழ்த்துப் போட்ட நாற்காலியின் பின்னங்காலில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. தலையைச் சாய்த்து, எழும் சத்தத்தைக் கேட்கிறாள் யூலாலி. "இதுல எவனோ ஊஞ்சல் ஆடியிருக்கான்" என்கிறாள். விரிசல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அவள் சொன்னால் இருக்கும். அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கவிழ்க்கிறாள். "அந்தத் துக்க வீட்டு மூணாவது மருமகன் உக்காந்தது இது. சொத்துப் பேச்சு வந்ததும் காலை ஆட்ட ஆரம்பிச்சான். அப்பவே நெனச்சேன், நம்ம பொருள் போச்சுன்னு."

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை ஊரான போர்ட்டோ நோவோவில் நல்லது கெட்டது எது நடந்தாலும் நீல நாற்காலிகளும் பந்தல் துணியும் யூலாலி வீட்டிலிருந்துதான் போகும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு மீன். மீன் என்று சொல்பவள் அவள். செருப்பு என்று சொல்பவன் அவள் தம்பி ப்லேஸ். பிறந்தபோது வைத்த பெயர் யூலாலி சாக்ரமெந்தோ. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் அவள் தெருக்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். நாற்காலி யூலாலி என்று கேட்க வேண்டும்.

வண்டியோடு அவளும் போவாள். நாற்காலி போடுவதை வேறு ஆளிடம் விடமாட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு நடுவில் ஒரு காது கேளாத சித்தப்பா வருவார். முதல் மனைவியின் வரிசைக்கும் இரண்டாம் மனைவியின் வரிசைக்கும் குறுக்கே சமையல் அண்டா நிற்கும். உடம்பு கனத்தவர்கள் வந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலியை அடுக்கிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாள். யாரும் புண்பட்டதில்லை. "ஊர்ல பாதிச் சண்டைய நான் நாற்காலி போட்டே தடுத்திருக்கேன். மீதிப் பாதி, வேற எடத்துல வாடகைக்கு எடுத்தவங்க வீட்ல நடந்தது" என்பாள்.

ஆனால் அவளைத் தேடி வருகிறவர்கள் நாற்காலிக்காக மட்டும் வருவதில்லை. துக்க வீட்டுக்கு நாற்காலி எடுத்தால் ஒரு பாட்டும் கூடவே வரும்.

யூலாலியின் குடும்பத்தைப் போன்றவர்களை ஊரில் 'பிரேசில்காரர்கள்' என்பார்கள். அவர்களில் ஒருவர்கூட பிரேசிலைப் பார்த்ததில்லை. அவர்களுடைய முன்னோரை இந்தக் கரையிலிருந்து சங்கிலி போட்டு, அடிமைகளாக பிரேசிலுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடுதலை கிடைத்ததும் அவர்களில் சிலர் தம் பிள்ளைகளோடு, வேறொரு கப்பலில் கட்டணம் கொடுத்து இந்தக் கரைக்கே திரும்பி வந்தார்கள். வரும்போது போர்த்துக்கீசியப் பெயர்களையும், பன்றிக்கறி போட்ட அவரைக் குழம்பையும், மாட்டு வேஷம் கட்டி ஆடும் ஆட்டத்தையும், கொஞ்சம் பாட்டுகளையும் கொண்டு வந்தார்கள். பெயர் நிலைத்தது. குழம்பு நிலைத்தது. மொழி மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பிடி உதிர்ந்து, யூலாலியிடம் வந்து சேர்ந்தபோது காலை வணக்கமும், சில சமையல் சாமான்களும், கதவு என்ற சொல்லும், ஒரு கெட்ட வார்த்தையும்தான் மிஞ்சியிருந்தன. காலை வணக்கத்தை அவள் சாயங்காலமும் சொல்வாள்.

"எனக்கு பிரேசில் பாஷை தெரியும்" என்பாள் நிமிர்ந்து.

"மளிகைக்கடைச் சீட்டெல்லாம் பாஷையாக்கா?" என்பான் ப்லேஸ். மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன். திருவிழாவில் மாட்டு வேஷத்துக்குள் நுழைந்து ஆடுபவனும் அவன்தான்.

பாட்டு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. மெதுவான பாட்டு. கண்ணை மூடி, வலது கையை மார்பில் வைத்து, அடித்தொண்டையில் தொடங்குவாள். மூன்றாவது அடியில் குரல் மேலே ஏறும்போது, அழாமல் இறுக்கி வைத்திருக்கும் மூத்த மகன்கள்கூட உடைந்துவிடுவார்கள். அர்த்தம் கேட்டால் சொல்வாள்: "'ஆண்டவரே, கதவைத் திறங்க. கடல் தாண்டி வந்து நிக்கிறோம்'னு அர்த்தம். எங்கப்பா சொன்னாரு." அதில் கதவு என்ற சொல் மட்டும் அவளுக்கு நிச்சயம். நீதிபதி போனபோது பாடினாள். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி போனபோது பாடினாள். கன்னியாஸ்திரீ பெர்பெத்துவாவை அடக்கம் செய்தபோது மற்ற கன்னியாஸ்திரீகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள்.

இந்த ஜனவரியில் பிரேசில்காரர்களின் திருவிழாவுக்கு நிஜமான பிரேசில்காரர்கள் வந்தார்கள். பாயியா கரையிலிருந்து ஒரு சிறு கூட்டம். முன்னோர் எந்த மண்ணிலிருந்து பிடித்துப் போகப்பட்டார்களோ அந்த மண்ணை மிதித்துப் பார்க்க வந்தவர்கள். ஆளுக்கொரு வீடாகப் பிரித்து விருந்துக்கு வைத்துக்கொண்டார்கள். யூலாலி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் ஜுசாரா. சால்வதோர் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவள். யூலாலி வயதுதான் இருக்கும். அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. போர்ட்டோ நோவோவில் பிரெஞ்சு பேசுவார்கள் என்று, இந்தப் பயணத்துக்கென்றே மாலை வகுப்பில் அதைப் படித்திருந்தாள். பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறுத்தம் போட்டு, ஆள் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு வண்டியை எடுப்பாள்.

வாசலில் நின்று யூலாலி தன்னிடமிருந்த பிரேசில் பாஷை முழுவதையும் ஒரே மூச்சில் பொழிந்தாள். ஜுசாரா மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள்.

"எவ்வளவு... அழகா இருக்கு... உங்க ஆப்பிரிக்க மொழி" என்றாள்.

ப்லேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசர வேலை இருப்பதுபோல் தெருவுக்குப் போய்விட்டான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக் குழம்பு. இரண்டு நாள் ஊற வைத்து, பன்றிக்காதும் வாலும் போட்டு, யூலாலி தன் கையாலேயே கிண்டியது. ஜுசாரா ஒரு வாய் வைத்தாள். "இத... எங்க வீட்ல... ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே..." என்று ஆரம்பித்தவள், யூலாலியின் முகத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டு, "இவ்வளவு நல்லா வராது" என்று முடித்தாள். அவள் கடல் தாண்டி வந்தது இடித்த கிழங்குக்கும் வெண்டைக்காய்க் குழம்புக்கும். அது அடுப்படியில் வேலைக்காரருக்கென்று தனியே இருந்தது. விருந்தாளிக்கு அதைப் போடுவது மரியாதை இல்லை என்று யூலாலி மூடி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை யூலாலி நாற்காலி வண்டியோடு கிளம்பினாள். வாசல் படியில் ஜுசாரா அவளை நிறுத்தி, அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, மெல்லச் சொன்னாள்: "குருனிபே."

"என்னது?"

"எங்க வீட்டு ஆசீர்வாதம். இங்கேருந்து போனவங்க கொண்டு வந்தது. அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஆனா யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் எங்கம்மா தலையில கை வச்சு இதைச் சொல்லுவாங்க. அவங்களுக்கு அவங்கம்மா. எங்கம்மா உயிர் போறப்போகூட என் தலையைத் தேடித் தடவிட்டு இதத்தான் சொன்னாங்க. அக்கா, நான் வந்ததே இதுக்குத்தான். இங்கே யாருக்காவது அர்த்தம் தெரிஞ்சிருக்கும்ல?"

அங்கே அது எல்லாருக்கும் தெரியும். 'குரோ நிபே' என்ற அந்தச் சொல்லைக் கேட்காமல் போர்ட்டோ நோவோவில் ஒரு குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதில்லை. 'ஏய், அங்கேருந்து போ!' என்று அர்த்தம். அன்று விடிந்ததிலிருந்து யூலாலியே அதைப் பலதடவை சொல்லியிருந்தாள், அடுக்கிய நாற்காலிகள் மேல் ஏறி நின்ற பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்து.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ப்லேஸுக்குப் புரையேறியது. யூலாலி அவன் காலை மிதித்தாள். "பழைய வார்த்தை மாதிரி இருக்கு. விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள். வழி நெடுக அவன், "மே, மே" என்று கத்திக்கொண்டு வந்தான். "வாயை மூடுடா. கடல் தாண்டி வந்திருக்கா பாவம். ஊருக்குப் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றாள். அப்போது அவள் மனம் அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பச்சையும் மஞ்சளுமாய்ப் பட்டை அணிந்த கூட்டம் ஊர்வலம் சுற்றி வந்து பெரிய முற்றத்தில் உட்கார்ந்தது. நீல நாற்காலிகள். வடகாற்றுப் புழுதியில் வெயில்கூடப் பழுப்பாக இருந்தது. முன்வரிசையில் பாயியாவிலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் படித்த பிறகு யூலாலி எழுந்தாள். பாட்டு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக்காரர்கள் முன் அதைப் பாடப்போகிறாள். காலையிலிருந்து இஞ்சித் தண்ணீர் குடித்துத் தொண்டையைப் பதப்படுத்தியிருந்தாள். கண்ணை மூடிக் கையை மார்பில் வைத்தாள்.

முதல் அடியில் முன்வரிசையில் ஒருவர் இருமினார். இரண்டாவது அடியில் ஒரு பெண் கழுத்துத் துணியை வாயில் திணித்துக்கொண்டாள். யூலாலிக்கு அழுகைபோல் கேட்டது. குரலை இன்னும் உருக்கினாள். மூன்றாவது அடியில் அவள் மேலே ஏறியபோது, தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு கதவு திறப்பதுபோல ஒரு சிரிப்பு வெடித்தது. ஜுசாரா. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகவும் வந்தது. முற்றத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. யூலாலி பாட்டை விடவில்லை. கடைசி அடி வரை பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

பாத்திரம் கழுவும் கொல்லைப்புறத்தில் ஜுசாராவைப் பிடித்தாள். மாட்டு வேஷத்தைக் கழற்றாமலேயே ப்லேஸும் பின்னால் வந்து நின்றான்.

"எதுக்குச் சிரிச்சே? எங்கப்பா பாட்டு அது."

"அக்கா, மன்னிச்சிடுங்க. கேக்காதீங்க. குரல் அவ்வளவு நல்லா இருந்துது, அழுகை வந்துது, அதோட வார்த்தையும்..."

"வார்த்தைக்கு என்ன?"

"வேண்டாங்க்கா."

"சொல்லுடீ!"

ஜுசாரா தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னாள். "'மரியா... என் பேண்ட் எங்கே? உன் புருஷன்... கதவைத் தட்டறான். நான் சன்னல் வழியா... குதிச்சுப் போறேன். பின்னாலேயே... தூக்கிப் போடு மரியா.'"



"கதவு?" என்றாள் யூலாலி.

"கதவு இருக்கு. கதவு சரிதான்."

முதலில் மாட்டின் கொம்புகள் ஆடின. பிறகு மாடு முழுவதும் குலுங்கியது. பிறகு அது மண்டி போட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் உதைத்துக்கொண்டு புழுதியில் புரண்டது. யூலாலி அதைப் பார்க்கவில்லை. நீதிபதியை நினைத்தாள். மருத்துவச்சியை நினைத்தாள். கன்னியாஸ்திரீ பெர்பெத்துவாவுக்காக இரண்டு தடவை பாடியதை நினைத்தபோது காது நுனி சுட்டது. அந்தச் சூட்டில் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சிரிக்க வந்துட்டா பெருசா! உன் குருனிபே என்னன்னு தெரியுமாடி உனக்கு? ஆட்டை விரட்டற வார்த்தை! தெனம் காலைல நான் ஆட்டுக்குச் சொல்றேன் அதை. ஆசீர்வாதமாம், ஆசீர்வாதம். 'அங்கேருந்து போ'ன்னு அர்த்தம். கேட்டுக்கோ!"

மாடு உருள்வதை நிறுத்தியது.

ஜுசாரா இரண்டு தடவை கண்ணைக் கொட்டினாள். "ஆடா?"

"ஆடு. கோழி. அடுப்பு கிட்ட போற பிள்ளை."

ஜுசாரா சிரித்தாள். பாட்டுக்குச் சிரித்ததைவிடப் பலமாக, கழுவி வைத்த அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க மாமா பட்டாளத்துக்குப் போனப்போ... கல்யாணப் பொண்ணுக்கு... எல்லாருக்கும் ஆட்டு வார்த்தை!" சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து ஓரிடத்தில் நின்றது. அண்டாவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"'அங்கேருந்து போ'" என்றாள், தனக்குள். "நாங்க இருந்த மேட்டுத் தெருவுல பொறந்தவங்க அங்கேயேதான் சாவாங்க அக்கா. அம்மா துணி வெளுத்தா. அவங்கம்மாவும் துணி வெளுத்தா. நான் வண்டி ஓட்டப் படிக்கப் போறேன்னு கிளம்பின அன்னைக்குத் தலையில கை வச்சா பாருங்க, அமுக்கின அமுக்குல கழுத்து வலிச்சுது. அர்த்தம் தெரியாது அவளுக்கு." மூக்கை உறிஞ்சினாள். "தெரிஞ்சிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பா."

குத்துவதற்கென்று வீசிய வார்த்தை இப்படிப் போய்ச் சேரும் என்று யூலாலி நினைக்கவில்லை. சங்கிலியோடு கப்பலில் போன ஜுசாராவின் முதல் பாட்டி அதை யாருக்குச் சொல்லியிருப்பாள்? கரும்புத் தோட்டத்து வேலி ஓரத்தில், எந்தப் பிள்ளையிடம், எவ்வளவு அவசரமாக? ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காரு" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், அன்றைக்கும் வேலைக்காரருக்கென்று மூடி வைத்திருந்த வெண்டைக்காய்க் குழம்பையும் இடித்த கிழங்கையும் தட்டில் போட்டு எடுத்து வந்தாள். ஜுசாரா கையால் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை, மாட்டுத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ப்லேஸும் பேசாமல் இருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஊருக்குக் கிளம்பும் முன் ஜுசாரா கைப்பேசியை நீட்டினாள். "சரியா எப்படிச் சொல்லணும்னு பதிவு பண்ணிக் கொடுங்க. எங்க பிள்ளைங்களுக்குக் கேக்கணும்."

யூலாலி பவ்யமாக, சாமி கும்பிடும் குரலில் சொன்னாள்.

"இப்படி இல்ல. ஆட்டுக்குச் சொல்ற மாதிரி."

யூலாலி தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்துக் கத்தினாள். அந்தப் பதிவில் பின்னாலேயே ஆடு குதித்து ஓடும் சத்தமும் இருக்கிறது.

ஜுசாரா போய்விட்டாள். விஷயம் போகவில்லை. ப்லேஸின் பட்டறைக்கு வருகிறவர்களெல்லாம் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். ஊரில் ஒரு சேதி பரவ வேறு வழி தேவையில்லை. யூலாலி சந்தைக்குப் போனால் வண்டியை மெதுவாக்கி, "யூலாலிக்கா, பேண்ட் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தார்கள். அவள் திட்டத் தொடங்குமுன் அடுத்த தெருவில் இருந்தார்கள். "இனிமே நாற்காலி மட்டும்தான். பாட்டு கெடையாது. செத்தவங்களை இவ்வளவு நாளா கேலி பண்ணியிருக்கேன். ஒருத்தராவது எழுந்து வந்து அறையாம விட்டாங்களே" என்றாள். தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். வேலை செய்யும்போது எப்போதும் வரும் முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. நாற்காலிகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நிலையில்தான் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸானு இறந்துபோனார். அவர் மனைவி விக்டுவார் தானே நடந்து வந்தாள். கறுப்புத் துணி, சிவந்த கண்.

"நாற்காலி எல்லாம் அனுப்பிடு. நீயும் வந்து பாடிடு."

"நாற்காலி வரும்மா. பாட்டு வேண்டாம்."

"ஏன்?"

"அது நல்ல பாட்டு இல்லம்மா. தெரியாம பாடிட்டு இருந்திருக்கேன். அது வந்து..."

"தெரியும். பேண்ட் பாட்டு. ஊரே சொல்லுது."

யூலாலி தலையைக் குனிந்துகொண்டாள். விக்டுவார் அங்கே கிடந்த நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தாள்.

"கல்யாணமான மறுநாள்லேருந்து தெனம் காலைல அந்த மனுஷன் கேட்டது அது ஒண்ணுதான். 'விக்டுவார், என் பேண்ட் எங்கே?' கண்ணுக்கு முன்னால தொங்கும். தொட்டுக்கிட்டே நிப்பாரு, கேப்பாரு. 'உங்க தலையிலதான் மாட்டியிருக்கு'ன்னு எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன்." சேலைபோல் தோளைச் சுற்றியிருந்த துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நேத்தைக்குக் காலைல யாரும் கேக்கல. வெயில் ஏறுற வரைக்கும் படுக்கையிலேயே உக்காந்திருந்தேன். பாடுவியா, மாட்டியா?"

வெள்ளிக்கிழமை ஸானு வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். பேசிக்கொள்ளாத இரண்டு மைத்துனர்களுக்கு நடுவே யூலாலி பாதிரியாரை உட்கார வைத்தாள். ஸானு திறந்த பெட்டியில் சாம்பல் நிறக் கோட்டும் கால்சட்டையுமாய்ப் படுத்திருந்தார். அவள் எழுந்ததும் பின்வரிசையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். கண்ணை மூடினாள். முன்பு பாடியதைவிட மெதுவாகப் பாடினாள். மரியா என்று வரும் இடத்தில் விக்டுவார் என்று பாடினாள். விக்டுவாரின் தோள்கள் குலுங்கின. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. மூன்றாவது அடியில் குரல் மேலே ஏறியபோது மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

பாட்டு முடிந்து, மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கொஞ்சம் பொறுக்கும்படி அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு யூலாலி பெட்டியருகே போனாள். ஸானுவின் கால்சட்டை முழங்காலருகே ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. குனிந்து, கட்டைவிரலால் அதை அழுத்தி நீவி, மடிப்பு நேராகும்படி கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டாள்.